இருபத்தேழாம் தாள்

2001 ஜூன் 6, புதன்கிழமை.

இன்று மாலை வகுப்பில் ஒரு சின்னத் தவறு செய்துவிட்டேன். இடுப்பில் சாரம் கட்டுவது எப்படி என்று எழுதச் சொன்னார்கள். ஏழு படிகள் எழுதினேன். மிஸ் என் தாளைக் கிஷாந்தனிடம் கொடுத்து, ஒரு புதுச் சாரத்தையும் கையில் வைத்து, தாளில் உள்ளதை மட்டும் செய்யச் சொன்னார். அவன் சாரத்தை விரித்தான், ஓரத்தைப் பிடித்தான், மடித்தான், முறுக்கினான். கடைசியில் சாரம் அவன் கையில் மூட்டை மாதிரிக் கிடந்தது. அவன் அதற்கு வெளியே நின்றுகொண்டிருந்தான். சாரத்துக்குள் இறங்க வேண்டும் என்று நான் எழுதவில்லை. எல்லாரும் சிரித்தார்கள். நாளை: சாரத் தாளைத் திருத்தி எழுத வேண்டும்.

இது அன்று என் நாட்குறிப்புக் கொப்பியில் எழுதியது. ஓர் எழுத்தும் மாற்றாமல் எடுத்து எழுதியிருக்கிறேன். மற்றதைச் சொல்வதற்கு முன் இதைச் சொல்லிவிடுவது நல்லது என்று தோன்றுகிறது. நான் படிகளை விட்டுவிடுகிற ஆள். வேண்டுமென்று விடுவதில்லை.

இன்று 2002 மார்ச் 10, ஞாயிறு. பகல் மூன்று மணி. தொழில் திணைக்களத்து ஐயா போன வாரம் என்னிடம் வாக்குமூலம் வாங்கினார். அரைப் பக்கம் கொடுத்தேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அந்த அரைப் பக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு, ஒன்றும் தெரியாத ஒருவர் நடந்ததை முதலிலிருந்து விளங்கிக்கொள்ள முடியுமா என்று யோசித்துப் பார்த்தேன். முடியாது. மிஸ் அப்படிப்பட்ட தாளை ஏற்றுக்கொள்ளமாட்டார். அதனால் இங்கே முழுதாக எழுதிப் பார்க்கிறேன்.

என் பெயர் தயாபரன். வயது இருபத்தைந்து. நமுனுகுல மலைச் சரிவில் ஒரு தோட்டத்துத் தேயிலை பெக்டரியில் கிளாக்கர். தோட்டத்தின் பெயரை எழுதவில்லை, அங்கே இருப்பவர்களுக்குச் சங்கடம். அப்பாவும் அம்மாவும் அதே தோட்டத்தில் பேர் பதிந்த தொழிலாளிகள். எங்கள் லயத்து வரிசை வீடுகளிலிருந்து ஒப்பீஸ் நாற்காலிக்குப் போன முதல் ஆள் நான். அந்த நாற்காலியில் நான் இன்றைக்கும் நுனியில்தான் உட்காருகிறேன்.

கிஷாந்தன் பெரிய கிளாக்கரின் மகன். ஸ்டாப் குவாட்டர்ஸில் வளர்ந்தவன். எந்த நாற்காலியிலும் சாய்ந்து உட்காரத் தெரிந்தவன். எங்கள் கம்பனி தன்னுடைய ஏழு பெக்டரிகளுக்கும் சேர்த்து ஒரு பயிற்சி அலுவலரை எடுக்கப் போகிறது என்று கேள்விப்பட்டதும், பதுளையில் நடந்த மாலை வகுப்புக்கு இருவரும் பேர் கொடுத்தோம். புதன்கிழமைகளில் பெக்டரியில் அனுமதி வாங்கிக்கொண்டு ஒரே பஸ்ஸில் போவோம், ஒரே பஸ்ஸில் வருவோம். ஜன்னல் ஓரம் எனக்கு. எனக்கு வளைவுகளில் வாந்தி வரும் என்று அவனுக்குத் தெரியும். கேட்காமலே எழுந்து இடம் மாறுவான். இதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

வகுப்பு பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு மாடியில். வேலை செய்யும் இடத்தில் ஒரு வேலையை எப்படிச் சொல்லிக் கொடுப்பது, அதற்கான பாடத்தை எப்படி எழுதுவது என்பதுதான் படிப்பு. பத்தொன்பது பேர் இருந்தோம். தையல் தொழிற்சாலை சூப்பர்வைசர்கள், ஆஸ்பத்திரி ஆட்கள், பேக்கரி வைத்திருந்த ஹாஷிம் நானா. நடத்தியவர் ஜெயமலர் மிஸ். யாழ்ப்பாணத்துக்காரர், முப்பத்தைந்து வயதிருக்கும், நேரத்துக்கு வந்து நேரத்துக்குப் போகிறவர். ஒரு தாளை மூன்று பத்திகளாகப் பிரிக்கச் சொன்னார். முதல் பத்தியில் படி. இரண்டாவதில் அந்தப் படியில் கவனிக்க வேண்டியது. மூன்றாவதில் ஏன். அந்த வேலையே தெரியாத ஒருவரிடம் தாளைக் கொடுத்துச் செய்யச் சொல்ல வேண்டும். நாம் வாய் திறக்கக் கூடாது.

"வாசிச்சுச் செய்யிற ஆள் பிழை விட்டா, பிழை அவரில இல்லை" என்றார் முதல் நாளே. "தாளில. அதை எழுதினவரில. இதை விளங்காத ஆக்கள் இப்பவே எழும்பிப் போகலாம்."

யாரும் எழும்பவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது. அதுவரை எனக்குத் தெரிந்த உலகத்தில் பிழை எப்போதும் கீழே நிற்கிறவரிடம்தான் இருந்தது.

நான் பெக்டரி வேலைகள் எல்லாவற்றுக்கும் தாள் எழுதத் தொடங்கினேன். வாட்டிய கொழுந்தை அள்ளுவது, ரோலரில் போடுவது, சல்லடையைத் துடைப்பது என்று நாற்பத்து மூன்று வேலைகள். மூன்று மாதம் ஆனது. எழுதிய ஒவ்வொன்றையும் ஜெயலெட்சுமி அக்காவிடம் கொடுத்துச் சோதித்தேன்.

அக்கா எங்கள் லயத்தில் மூன்றாவது காம்பராவில் குடியிருப்பவர். முப்பத்து நான்கு வயது, இரண்டு பெண் பிள்ளைகள், புருஷன் கொழும்புக்குப் போனவர் போனவர்தான். மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவரைத் தற்காலிகமாகப் பெக்டரிக்கு எடுத்திருந்தார்கள். எட்டாம் வகுப்பு வரை படித்தவர், நிறுத்தி நிதானமாக வாசிப்பார். மெஷின் வேலை ஒன்றும் தெரியாது. சோதிப்பதற்கு அதைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்காது.

தொடக்கத்தில் என்னைக் கேலி செய்தார். "மலையில கெடந்தப்ப ஒரு தாளு குடுத்தீங்களா? இப்ப பாருங்க, வெளக்கமாறு புடிக்கக்கூடப் பரீட்சை." ஒரு நாள் இரண்டு கைகளும் கொழுந்துக்குள் இருக்கும்போது என்னைக் கூப்பிட்டார். "தம்பி, மூக்கு அரிக்குது. சொறியலாமா, இல்ல அதுக்கும் தாளு வருமா?"

அவர் எங்காவது தடுமாறினால் நான் அவரைத் திருத்தவில்லை, தாளைத் திருத்தினேன். சில தாள்களை ஆறு தடவை திருத்தினேன். தாளில் இல்லாத எதையும் அவராகச் செய்தால், மெதுவாக நிறுத்தி, அது தாளில் இருக்கிறதா என்று கேட்பேன். இல்லை என்பார். அப்படியானால் என்பேன். கையை எடுத்துவிடுவார். பதில் சொல்லாமல் கேள்வி கேட்க வேண்டும் என்பது மிஸ் சொல்லித் தந்த முறை. செப்டெம்பரில் அக்கா தாளில் இல்லாத ஓர் அசைவும் செய்யாமல் நாற்பத்து மூன்று வேலைகளையும் செய்தார். என் எழுத்தை அந்த அளவுக்கு நம்பியவர் வேறு யாரும் இல்லை. அன்றைய கொப்பியில் "மகிழ்ச்சி" என்று ஒரு சொல் மட்டும் எழுதியிருக்கிறேன்.

இருபத்தேழாம் தாள் ரொட்டர்வேனைப் பற்றியது. பெரிய இறைச்சி அரைக்கும் மெஷின் மாதிரி இருக்கும். மேலே வாய், உள்ளே இரும்புத் திருகு. கொழுந்து அடைத்துக்கொண்டால் வாய்க்குள் கைவிட்டு எடுக்க வேண்டும். அந்தத் தாளின் முதல் படி என் கொப்பியில் இருக்கிறது:

படி: சுவிட்சைக் கீழே இறக்கு. பியூஸ் கட்டையைக் கழற்று.
கவனிக்க: மெஷின் ஏற்கெனவே நின்றிருந்தாலும் இதைச் செய். கட்டையை இடுப்பில் செருகிக்கொள். கை வெளியே வரும்வரை யாரிடமும் கொடுக்காதே.
ஏன்: சுவிட்ச் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறது, போடுகிறவருக்கு மெஷின் தெரியாது. கரண்ட் போய் நின்ற மெஷின், கரண்ட் வந்தால் தானாக ஓடும்.

நாடு முழுக்கக் கரண்ட் வெட்டுகிற காலம் அது. எங்கள் ஜெனரேட்டர் கொழுந்து வாட்டும் காற்றாடிகளுக்கும் டிரையருக்கும்தான் காணும். அரைக்கும் அறைக்கு வராது. கடைசி வரியை நான் எழுதியது அதனால்தான். அக்கா பியூஸ் கட்டையை இடுப்பில் செருகிக்கொண்டு, "சாவிக்கொத்து மாதிரி இருக்கு தம்பி, பெரிய வீட்டுக்காரி ஆயிட்டேன்" என்பார்.

அக்டோபரில் நடந்ததை நான் சுருக்கமாகவே எழுதுகிறேன். எழுதும்போது கை வேகமாகப் போகிறது, அது நல்லதல்ல.

தாள்கள் எல்லாம் அக்கா வீட்டில் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் இருந்தன. எங்கள் காம்பராவில் தகரம் ஒழுகும். கிஷாந்தன் ஒரு நாள் அங்கே போய், தயா வாங்கிவரச் சொன்னான் என்று சொல்லி எடுத்துக்கொண்டு போனான். பதுளையில் ஒரு கொம்பியூட்டர் கடையில் அடித்து, நீல அட்டை போட்டு, அட்டையில் தன் பெயரைப் போட்டுத் தோட்டத்து மனேஜர் தொரையிடம் கொடுத்தான். பெரிய கிளாக்கர் கூடவே போனாராம். இரண்டு நாள் கழித்துத் தொரை அரைக்கும் அறைக்கு வந்தார். பின்னால் கிஷாந்தன், டீமேக்கர், இன்னும் சிலர். நான் தராசுக்குப் பக்கத்தில் நின்றேன். அக்கா இருபத்தேழாம் தாள் வேலையைச் செய்து காட்டினார். ஒரு பிழை இல்லை. தொரைக்குச் சந்தோஷம்.

"ஒனக்கு யாரு இது சொல்லிக் குடுத்தது?" என்று கேட்டார்.

அக்கா என்னைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

"கிஷாந்தன் ஐயாதாங்க."

அன்று சாயங்காலம் பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்கப் போனபோது அக்கா குடத்தோடு வந்து பக்கத்தில் நின்றார். "கோவிச்சுக்காதீங்க தம்பி. பெரிய கிளாக்கர் வூட்டுலேருந்து காலையிலேயே ஆளு வந்துச்சு. எம்பேர பெக்டரியில நெலையா போட்டுத் தாறேன்னாங்க. மறுபடி மலைக்குப் போனா இந்த முதுகு தாங்காது. நீங்க நம்ம புள்ள, பொறுத்துக்குவீங்க. அவங்க பொறுப்பாங்களா?"

சரி அக்கா என்றேன். அவர் குடத்தைத் தூக்கிவிட்டேன். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. நியாயம் இருந்ததுதான் எனக்கு ஆகவில்லை என்று இப்போது நினைக்கிறேன். கிஷாந்தன் செய்தது திருட்டு, அதற்கு ஒரு பெயர் இருக்கிறது. நம்ம புள்ள என்பதால் என்னை விட்டுக்கொடுக்கலாம் என்பதற்கு எனக்குப் பெயர் தெரியவில்லை.

அடுத்த புதன் மிஸ்ஸிடம் சொன்னேன். அவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"கையெழுத்துப் பிரதி இருக்கோ?"

"கிஷாந்தன் எடுத்துட்டான் மிஸ்."

"அப்ப நான் என்னத்தைச் சொல்ல, தம்பி? ரெண்டு பேரும் என்ர மாணவர்கள். யாற்ற தாள் எண்டதைவிட அது வேலை செய்யுதோ எண்டதுதான் எனக்கு முக்கியம்."

இந்தக் கொப்பியில் எல்லாத் தாள்களின் முதல் வரைவும் தேதியோடு இருக்கிறது. அதை நான் காட்டியிருக்கலாம். காட்ட வேண்டுமென்றால் மற்றப் பக்கங்களையும் காட்ட வேண்டிவரும். ஒவ்வொரு நாளும் நான் எங்கெங்கே தடுமாறினேன், யாரிடம் எதைச் சொல்லப் பயந்தேன் என்றெல்லாம் எழுதியிருக்கிறேன். மிஸ் அதை வாசிப்பதை நினைத்துப் பார்க்க முடியவில்லை. கீழே இறங்கி வந்தேன். பஸ்ஸில் கிஷாந்தன் ஜன்னல் ஓரத்தைக் கைக்குட்டை போட்டுப் பிடித்து வைத்திருந்தான்.

"மச்சான், வா. ஒனக்குத்தான்."

போய் உட்கார்ந்தேன். நின்றுகொண்டு போயிருக்கலாம். தெமோதரை தாண்டியதும் அவன் சொன்னான், "நான் ஆபீசரானா மொதல்ல ஒன்னத்தான் கூப்புடுவேன். தாளு எழுத ஆளு வேணுமில்ல?" அவன் கிண்டல் செய்யவில்லை. உண்மையாகவே எனக்கு ஏதோ கொடுப்பதாக நினைத்துக்கொண்டு சொன்னான்.

கம்பனி ஒரு நிபந்தனை போட்டிருந்தது. கொழும்பிலிருந்து நான்கு பேர் வந்து, தாள்கள் வேலை செய்வதை நேரில் பார்த்த பிறகுதான் நியமனம். பெப்ரவரி 20 என்று முடிவானது. ஜனவரி கடைசியில் கிஷாந்தன் நீல அட்டைப் புத்தகத்தை என் மேசையில் போட்டான். எல்லாவற்றையும் ஒரு வேலைக்கு ஒரு பக்கமாகச் சுருக்கி, திரும்ப டைப் அடித்து, பிளாஸ்டிக் போட்டுச் சுவரில் மாட்ட வேண்டும்.

"இருபத்தேழு ரெண்டு பக்கம் போவுது. சின்னதாக்கு மச்சான். நீதான் கெட்டிக்காரன்."

ஒரு வேலை ஒரு பக்கம் என்பது மிஸ்ஸின் விதியும்தான். நான் எல்லாத் தாளையும் சுருக்கினேன். நாற்பத்திரண்டு தாள்களில் அவசியமான ஒன்றையும் விடவில்லை, இப்போதும் போய்ப் பார்க்கலாம். இருபத்தேழில் முதல் படி மூன்று பத்தியிலும் இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது. அதை ஒரே வரியாக்கினேன்: மெஷின் நின்றுவிட்டதா என்று பார்.

நல்ல வரி. படித்துப் பார்க்கிறவர்களுக்கு அதில் குறை ஒன்றும் தெரியாது. கிஷாந்தன் கிரிக்கெட் மேட்ச் ஒன்றைப் பற்றிச் சொல்லிக்கொண்டே நாற்பத்து மூன்று தாள்களின் கீழும் கையெழுத்துப் போட்டான். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. ஒன்றையாவது வாசித்திருந்தால் அவனுக்குத் தெரிந்திருக்குமா என்பது சந்தேகம். அவன் அந்தப் படிப்பைப் படிக்கவே இல்லை, பஸ்ஸில் வந்து போனான்.

என் எண்ணம் இதுதான். கொழும்பிலிருந்து வந்தவர்களுக்கு முன்னால், சரியான நேரத்தில், நான் ஓரடி முன்னால் வந்து, நிறுத்துங்கள், இந்தத் தாளில் ஒரு படி இல்லை என்று சொல்ல வேண்டும். எது இல்லை, ஏன் இருக்க வேண்டும் என்று விளக்க வேண்டும். கையெழுத்துப் போட்டவனுக்கு விளக்கத் தெரியாது. யார் எழுதியது என்று அப்போது எல்லாருக்கும் தெரிந்துவிடும். அக்காவுக்கும் தெரிந்துவிடும். யாரையும் குறை சொல்லவே தேவையில்லை.

பெப்ரவரி 18ஆம் தேதி அக்காவுக்குப் புதுத் தாள்களைக் கொடுத்துப் பழக்கினேன். கிஷாந்தன் வரவில்லை, அவனுக்குப் புதுச் சட்டை தைக்கக் கொடுக்க வேண்டியிருந்தது. பழைய தாள்கள் இனி இல்லை, சுவரில் இருப்பதுதான் என்று அக்காவிடம் சொன்னேன். இருபத்தேழுக்கு வந்தபோது அவர் இரண்டு தடவை வாசித்தார். விரலை முதல் வரியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"பியூஸ் களட்ட வேணாமா தம்பி?"

"தாளில் இருக்கா அக்கா?"

"இல்லீங்க."

"அப்படின்னா?"

பிறகு இடுப்பில் கட்டை செருகும் இடத்தைக் கையால் தட்டிவிட்டுச் சிரித்தார். "சரி போங்க. பெரிய வீட்டுக்காரி உத்தியோகம் போச்சு."

வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இதைத் தொழில் திணைக்களத்து ஐயாவிடம் சொல்லவில்லை, அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நான் சொல்லியிருக்கக்கூடியது இரண்டு கேள்விகள்தான்.

20ஆம் தேதிக்கான நிகழ்ச்சி நிரலை டைப் அடித்தவனும் நான். அந்த வாரம் எங்கள் பகுதிக்குக் கரண்ட் வெட்டு காலை பத்திலிருந்து பதினொன்றரை வரை. மெஷின்கள் ஓடாத நேரம் என்பதால் சத்தம் இருக்காது, விளக்கம் காதில் விழும் என்று தொரையிடம் சொன்னேன். அவருக்கும் அது நல்ல யோசனையாகப் பட்டது. பத்து மணிக்குக் கரண்ட் போனபோது ரொட்டர்வேன் வாயில் கொழுந்தோடு நின்றது. சுவிட்ச் போட்டபடி இருந்தது. இருபத்தேழாம் தாளைப் பதினொன்று இருபதுக்கு வைத்திருந்தேன்.

நான் சொல்வதாக இருந்த நேரம் பதினொன்று இருபத்தொன்பது.

கிஷாந்தன் நன்றாகப் பேசினான். அவனுக்குப் பேச்சு வரும். வாசிக்கிறவர் பிழை விட்டால் பிழை தாளில்தான் என்று மிஸ் சொன்னதைத் தான் கண்டுபிடித்ததுபோல ஆங்கிலத்தில் சொன்னான். வந்தவர்களில் ஓர் அம்மா அதைக் குறித்துக்கொண்டார். அவன் பேச்சு முடிய ஐந்து நிமிடம் கூடுதலாகிவிட்டது. பிறகு அக்கா சுவருக்கு முன்னால் நின்று முதல் வரியைச் சத்தமாக வாசித்தார். மெஷின் நின்றுவிட்டதா என்று பார். பார்த்தார். நின்றிருந்தது. இரண்டாவது வரியை வாசித்தார், வாய் மூடியைத் திறந்தார். மூன்றாவது வரி, கையை உள்ளே விட்டு அடைத்த கொழுந்தை எடு. வளையல்களை மேலே தள்ளிவிட்டுக்கொண்டார். கையை விடுவதற்கு முன் என்னைப் பார்த்தார்.

நான் தலையாட்டினேன். பழகுகிறவருக்குத் தைரியம் கொடுக்க வேண்டும்.

பதினொன்று இருபத்தெட்டுக்குக் கரண்ட் வந்துவிட்டது. அட்டவணைக்கு இரண்டு நிமிடம் முந்தி. அந்த இரண்டு நிமிடத்துக்கு நான் பொறுப்பில்லை. மின்சார சபையை யாரும் அதைப் பற்றி விசாரிக்கவில்லை.

மெஷினை நிறுத்தியது நான்தான். சுவருக்கு அந்தப் பக்கம் ஓடிப் போய் சுவிட்சை இறக்கி, பியூஸ் கட்டையைக் கழற்றினேன். திரும்பி வரும்போது கட்டையை இடுப்பில் செருகியிருந்ததைப் பிறகுதான் கவனித்தேன். அந்தப் படி எனக்கு மறக்கவில்லை. அக்காவின் வலது கை முழங்கை வரை போயிருந்தது. அவர் அதிகம் சத்தம் போடவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "தாளுல உள்ளபடிதானே தம்பி செஞ்சேன்" என்றார். ஆமாம் அக்கா என்றேன். அது உண்மை.

கிஷாந்தனுக்கு நியமனம் வரவில்லை. வேலையிலிருந்தும் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். தாள்களை நான் சுருக்கிக் கொடுத்ததாக அவன் சொல்லியிருக்கிறான். கொடுத்ததை டைப் அடித்தேன் என்று நான் சொன்னேன். கீழே கையெழுத்து அவனுடையது. நீல அட்டைப் புத்தகத்தைத் தேடினார்கள், அது பழைய கடதாசிகளோடு டிரையர் அடுப்புக்குப் போயிருந்தது. அந்தக் கடதாசிகளை அனுப்பியது நான். என் கையெழுத்துத் தாள்களை அவன் அக்டோபரிலேயே எரித்துவிட்டானாம். போன செவ்வாய்க்கிழமை அவன் எங்கள் லயத்துக்கே வந்தான். முதல் தடவை. வாசலில் நின்றான், உள்ளே வரச் சொல்லவில்லை.

"மச்சான், நீ எழுதுன பழைய இருபத்தேழு எங்கயாவது கெடக்கா? அதுல பியூஸ் இருந்துச்சுன்னு அக்கா சொல்லுது. இருந்துச்சுதானே?"

"எனக்கு நினைவில்லை" என்றேன்.

"நீதானேடா எழுதின."

அதை அவன் வாயால் கேட்டேன். யாரும் பக்கத்தில் இல்லை, ஆனாலும் கேட்டேன். அவன் போன பிறகு வெகுநேரம் அந்த வார்த்தையையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்த வாரம் கொப்பியை முதலிலிருந்து வாசித்தேன். ஒரு விஷயத்தைச் சரிபார்க்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு நாளும் அடுத்த நாள் வேலையைக் கடைசியில் எழுதிவைப்பது என் வழக்கம். ஒரு நாளும் தவறியதில்லை. பெப்ரவரி 19, செவ்வாய்க்கிழமைப் பக்கத்தின் கடைசியில் இப்படி இருக்கிறது:

நாளை: அறைக் கடிகாரத்தை ரேடியோ நேரத்துக்குச் சரிசெய்ய வேண்டும். நாற்காலி நான்கு. வெள்ளைச் சட்டை. ரொட்டர்வேன் சுவிட்சை யாரும் இறக்கிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். 27ஐப் பதினொன்று இருபதுக்குத் தொடங்க வேண்டும்.

பதினொன்று இருபத்தொன்பதுக்கு நிறுத்தச் சொல்ல வேண்டும் என்ற வரி இல்லை. முன்பக்கம் பின்பக்கம் எல்லாம் தேடிப் பார்த்தேன். சாரத்துக்குள் இறங்க மறந்த மாதிரி, இதையும் எழுத மறந்திருக்கிறேன். எனக்குத் தெரிந்து வேறு காரணம் இல்லை.

நாளை தொழில் திணைக்களத்து ஐயா பதுளை ஆஸ்பத்திரிக்குப் போய் அக்காவின் வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்குகிறார். அக்கா சொன்னதை முன்பே எழுதி வைத்துவிட்டார், கையெழுத்துதான் பாக்கி. இருபத்தேழாம் தாளைத் தந்து சொல்லிக் கொடுத்தவர் கிஷாந்தன் ஐயா என்று அதில் இருக்கிறது. அக்டோபரில் தொரை முன்னால் அக்கா சொன்ன அதே வார்த்தை. அன்று கேட்க முடியாமல் இருந்தது. ஒப்பீஸுக்கு வந்திருந்த பிரதியை இன்று வாசித்தபோது கோபம் வரவில்லை. அக்கா முதலில் வேறு என்னவோ சொல்ல வந்தாராம். முன்னே தொரையிடம் அப்படித்தானே சொன்னாய் என்று ஐயா கேட்டதும் பேசாமல் இருந்துவிட்டாராம்.

கைநாட்டு வைக்க அவருக்கு மனமில்லை. படித்தவள், பெயர்தான் எழுதுவேன் என்று பிடிவாதம். இடது கைக்கு எழுத்து வரவில்லை. மூத்த மகளிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார்: "தம்பிய வரச் சொல்லு. அவரு தாளு எழுதிக் குடுத்தா எனக்கு வந்துரும்."

மத்தியானமே எழுதிவிட்டேன். இடது கையால் பெயர் எழுதுவது எப்படி, ஆறு படிகள், மூன்று பத்திகள், ஒரு பக்கம். என் இடது கையால் நான்கு தடவை செய்து பார்த்தேன். இரண்டாவது தடவைதான் தெரிந்தது, கடதாசி நகராமல் பிடித்துக்கொள்ள இன்னொரு கை இல்லை. அதற்கு ஒரு படி சேர்த்தேன். இப்போது ஏழு. ஒன்றும் விடுபடவில்லை.

நாளை: காலை ஏழேகால் பஸ். ஐயா பத்து மணிக்கு வருகிறார், அதற்குள் அக்காவை மூன்று தடவை எழுதிப் பழக்க வேண்டும். கடதாசிக்கு மேல் வைக்கப் பாரமாக ஏதாவது கொண்டுபோக வேண்டும். அந்தப் பியூஸ் கட்டை போதும்.